பதினேழாம் நபர்

தன்னுடைய கண்டுபிடிப்பு பழுதில்லாமல் வேலை செய்கிறது என்பதை முகமது ஆசிக் பதினோரு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பன்னிரண்டு பேர் முன்னிலையில் தெரிந்துகொண்டான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பக்கத்து லேத் பட்டறையின் சத்தம் நுழையாதபடி கண்ணாடி அடைத்த மூன்றாவது மாடி. சுவரை நிறைத்துக்கொண்டு ஒரு தொடுதிரை. அதன் ஓரத்தில் 'அடுத்தது' என்று ஒரு பட்டன். அந்தப் பட்டனின் நீலம், மூலை வளைவு, அடியில் விழும் நிழல் எல்லாம் ஆசிக் தீர்மானித்தவை. பெற்ற பிள்ளை மாதிரி. ஆசிக் அதைத் தொட்டான். பட்டன் சும்மா இருந்தது. இன்னொரு முறை தொட்டான். வளர்ந்த பிள்ளை மாதிரி, கேட்காதது போல் இருந்தது.

"சார், ஹேங் ஆயிடுச்சா?" என்று காவ்யா எழுந்து வந்தாள். அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆறு மாதமாக அவனுக்கு மேலதிகாரி. அவள் விரல் பட்டதும் திரை வழுக்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனது.

"ஹேங் இல்லம்மா. என்னைப் பிடிக்கல அதுக்கு."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ஆசிக் அந்த ஆபீஸில் தமாஷுக்குப் பெயர் வாங்கியவன். பசிக்கிறது என்று சொன்னாலும் சிரிப்பார்கள். மீதி அரைமணி நேரமும் காவ்யாதான் பக்கத்தைத் தள்ளினாள். ஆசிக் வலது கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு பேசினான். வெளியே எடுத்து எதையாவது காட்டப் போனால் அந்தக் கை தனியாக ஏதோ டைப் அடிக்க ஆரம்பித்துவிடும்.

திரைக்கு என்ன ஆனது என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அது அவனைத் தெரிந்தேதான் ஒதுக்கியது. ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தவன் அவன்.

ஆசிக் வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவன். முதல் வேலை திருமழிசை எஸ்டேட்டில், மெஷின்கள் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் வரைவது. பச்சை வட்டம் என்றால் ஓடு, சிவப்பு வட்டம் என்றால் நில். அங்கிருந்து ஏ.டி.எம். திரைக்குப் போனான், பிறகு செல்போனுக்கு. இருபத்திரண்டு வருடத்தில் வட்டம் சதுரமாகி, சதுரத்துக்கு மூலை வளைந்து, நிழல் வந்து, நிழல் போய், மறுபடி வட்டமே வந்துவிட்டது. 'முன்னேறிட்டே இருக்கோம்' என்று ஆசிக் அதைப் பற்றிச் சொல்வான். அவனுடைய அத்தா ஷவுகத் அலி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் "பட்டன் வைக்கிறான்" என்று முடித்துவிடுவார். அவன் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் இருப்பதாகத்தான் பாதித் தெரு வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது.

கண்டுபிடிப்பு ஓர் அவமானத்தில் பிறந்தது. அப்போது ஆசிக்கின் மேலதிகாரி சுப்பராயன் என்பவர். அவரைப் போலப் பேசிக்காட்டுவதில் ஆசிக்குக்கு நல்ல தேர்ச்சி. ஒருநாள் சாயங்காலம் பூந்தமல்லி பஸ்ஸில், கூட வேலை பார்த்த வினோத்துக்கு அதைச் செய்துகாட்டிக்கொண்டு வந்தான். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில், பைக்குள் இருந்த போனிலிருந்து அழைப்பு தானாகச் சுப்பராயனுக்கே போய்விட்டது. மனிதர் பதினோரு நிமிடம் அமைதியாகக் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை ஆசிக்கின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "என் குரல் இன்னும் கொஞ்சம் கட்டைப்பா" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே ஆசிக் உட்கார்ந்துவிட்டான். யோசனை எளிமையானது. நினைத்துத் தொடுகிறவனின் விரல் கண்ணாடி மேல் ஒரு கணம் நிற்கும். பையின் துணியோ பஸ்ஸின் குலுக்கலோ பட்டால், பட்ட இடம் ஆடும். ஆடாத விரலை ஏற்றுக்கொள். ஆடுகிற விரலைத் தற்செயல் என்று தள்ளிவிடு. ஒன்றரை வருடம் உழைத்து அதற்கு ஒரு வடிகட்டி செய்தான். காப்புரிமை கம்பெனிக்குப் போனது. 'கண்டுபிடிப்பாளர்: முகமது ஆசிக்' என்று பொறித்த கண்ணாடிக் கேடயம் அவனுக்கு வந்தது. காற்றில் படுக்கையறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அவன் மனைவி ஃபிசா அதை முட்டுக்கொடுத்திருந்தாள். நல்ல கனம். இன்றுவரை கதவு ஒருநாளும் அடித்துக்கொண்டதில்லை.

அந்த வடிகட்டி இப்போது லட்சக்கணக்கான போன்களில் இருக்கிறது. அம்பத்தூர் ஆபீஸ் சுவரிலும் இருக்கிறது.

"இன்னாங்க, சாயா கப்புல புயல் கரையைக் கடக்குது?" என்றாள் ஃபிசா அன்று சாயங்காலம். அயப்பாக்கத்தில் ஐந்தாவது மாடி பிளாட். ஆசிக் கையிலிருந்த கப் சாஸரில் தந்தி அடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா இருக்கு."

"ரெண்டு மாசமா நானும் பாத்துட்டுதான் கீறேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். நாளைக்கு டாக்டராண்ட போலாம்."

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு சுருள் வரையச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக வட்டம் வரைந்து சம்பளம் வாங்கியவன் ஆசிக். வரைந்து முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தான். ரம்பத்தைச் சுருட்டி வைத்தது போல் இருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்ல. உயிருக்கு ஆபத்தில்ல. ஒருவித நடுக்கம். சும்மா இருந்தா இருக்காது, ஏதாவது செய்யப் போனா வரும். மாத்திரை குடுக்கிறேன், கொஞ்சம் குறையும். பெரும்பாலும் பரம்பரையா வர்றது. அப்பாவுக்கு இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் ஆசிக் வாயைத் திறந்தான். அப்போது ஒரு டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. அத்தா டீக்கடையில் எப்போதும் பாதி டம்ளர்தான் கேட்பார். 'முழுசா ஊத்தாத, பாதி போதும்.' முழுசுக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதி குடிக்கிற இந்த மனிதரின் கணக்கு என்ன கணக்கு என்று ஆசிக் பல தடவை கிண்டல் செய்திருக்கிறான். ததும்பிச் சிந்தக்கூடாது என்கிற கணக்கு.

"இருந்துச்சு" என்றான். "நான் கவனிக்கல."

டாக்டர் மாத்திரை எழுதினார். ஆசிக் அவருடைய பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனத்துக்குள் பத்து வருடமாக மூடிக்கிடந்த ஒன்று அசைந்துகொடுத்தது.

பத்து வருடத்துக்கு முன்னால் ஆசிக் பூந்தமல்லி வீட்டைவிட்டு அயப்பாக்கத்துக்குக் குடிபோனான். சண்டை என்று எதுவும் இல்லை. ஆபீஸ் பக்கம், மகள் அலீனாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். அத்தா பிளாட்டைப் பார்க்க வரவில்லை. "லிஃப்ட் வெச்ச ஊட்ல எனக்கு இன்னா வேலை" என்றுவிட்டார். கிளம்புகிற நாளில் ஆசிக் அவருக்கு ஒரு போன் கொடுத்தான். வடிகட்டி போட்டு வந்த முதல் சோதனைப் போன்களில் ஒன்று. பூட்டு, ரகசிய எண் எதுவும் இல்லை. திறந்ததும் நடுவில் ஆசிக்கின் படம். அதைத் தொட்டால் ஆசிக்குக்கு அழைப்பு போகும். அவ்வளவு சுலபமாகச் செய்து கொடுத்தான்.

அத்தா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீ செஞ்சதா?"

"ஒரு பகுதி நான் செஞ்சது."

"செரி. நீ ஆபீஸ்ல இருப்ப, நடுவுல கூப்ட்டு தொந்தரவு பண்ண மாட்டேன். நீயும் கண்ட நேரத்துல கூப்டாத, நான் பள்ளிவாசல்ல இருப்பேன், இல்ல படுத்துனு இருப்பேன். அசர் தொழுதுட்டு வந்து நானே கூப்புடறேன். டெய்லி."

ஒருநாளும் கூப்பிடவில்லை.

முதல் வாரம் ஆசிக் சாயங்காலங்களில் போனை மேஜை மேல் மல்லாத்தி வைத்துக் காத்திருந்தான். பிறகு அவனே இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டு தடவையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. பேரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்று ஆசிக் முடிவு செய்தான். சரி, கூப்பிடுகிறேன் என்று சொன்னவர் அவர்தானே, கூப்பிடட்டும். அக்கா மஹ்பூபாவிடம் எப்போதாவது பேசுவான். "அத்தா நல்லா கீறாரு" என்பாள். அதற்கு மேல் இவனும் கேட்கமாட்டான். இரண்டு பெருநாளுக்கும் குடும்பத்தோடு போனான். அத்தாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டபடி, எந்த பஸ்ஸின் தடம் மாறியது என்று பேசினார்கள். போன் பீரோ மேல், பச்சைத் துணியில் சுற்றி, வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று ஆசிக் நினைத்துக்கொண்டான். ஆனால் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எட்டாவது மாதம் ஒரு காலை, ஃபஜர் தொழுகைக்கு அத்தா எழுந்திருக்கவில்லை. உறக்கத்திலேயே போய்விட்டார்.

கோபத்தோடுதான் போனாரா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆசிக் பத்து வருடம் ஓட்டியிருக்கிறான். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று, அதற்குப் பதிலாக ஜோக் அடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது டாக்டர் வேறொரு கேள்வியைக் கொடுத்திருக்கிறார். அத்தாவின் கை நடுங்கியது. போன் நடுங்காத கைக்குச் செய்தது.

மறுநாள் காலை காவ்யாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். "வடிகட்டிய கொஞ்சம் தளர்த்தலாமான்னு பாக்கிறேன். கை நடுங்குறவங்க தொட்டா தள்ளிடுது."

"தளர்த்தினா பாக்கெட் டச் எல்லாம் உள்ள வந்துடுமே சார். நம்ம யூசர் இருபத்தஞ்சுல இருந்து நாப்பது. மத்தவங்கள நெனச்சு பண்ணா எல்லாருக்கும் கெட்டுப்போகும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "நான் சேர்ந்தப்ப டிரெய்னிங்ல நீங்கதான் சார் இத சொல்லிக் குடுத்தீங்க."

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றான் ஆசிக். "பழைய மாதிரிகளையாவது ஒருதடவ பாக்கட்டுமா?"

"தாராளமா. உங்களோடதுதானே."

பழைய மாதிரிகள் ஒரு மூலைக் கம்ப்யூட்டரில் இருந்தன. வடிகட்டிக்குப் பாடம் கற்பிக்க அந்தக் காலத்தில் நாற்பது பேருடைய தொடுகைகளைச் சேகரித்திருந்தார்கள். வினோத் ஒரு சோதனைப் போனை எடுத்துக்கொண்டு ஆவடி, பூந்தமல்லி, வேப்பம்பட்டு ரயில் நிலையம் என்று அலைந்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் 'இத ஒரு நூறு தடவ தொடுங்க' என்று கெஞ்சி வாங்கிவந்தான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டவர் யார் என்று வடிவமைப்பவனுக்குத் தெரியக்கூடாது. பெயர்கள் தனிப் படிவத்தில், தனி இடத்தில் கிடக்கும். இவன் கைக்கு எண் மட்டும் வரும். முதல் நபர், இரண்டாம் நபர் என்று. ஆளைத் தெரிந்தால் அளவுகோல் வளைந்துவிடும் என்பார்கள்.

பதினேழாம் நபரிடம் வந்ததும் ஆசிக்கின் கை நின்றது.

அவனுக்கு இந்த வரிசை நன்றாக நினைவிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக வந்தால்தான் காப்புரிமைக்கு மனுப் போடுவேன் என்று சுப்பராயன் சொல்லியிருந்தார். தொண்ணூற்று மூன்றில் நின்றது. தேடிப்பார்த்ததில் கெடுப்பது ஒரே ஒரு ஆள் என்று தெரிந்தது. பதினேழாம் நபரின் நூறு தொடுகைகளும் ஆடின. நினைத்துத் தொட்டவை என்று வினோத் குறித்திருந்தான். வடிகட்டியோ பஸ் குலுக்கல் என்றது. யாரோ குடித்துவிட்டுத் தொட்டிருக்கிறான், அல்லது ஓடுகிற வண்டியில் தொட்டிருக்கிறான் என்று ஆசிக் நினைத்தான். அந்த நூறுக்கும் நேரே 'நினைத்தது' என்று இருந்ததை அழித்துவிட்டு 'தற்செயல்' என்று மாற்றினான். ஐந்து நிமிட வேலை. தொண்ணூற்றைந்தரை வந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தான்.

படிவங்களை ஸ்கேன் செய்து இன்னொரு இடத்தில் போட்டிருந்தார்கள். பதினோரு வருடத்தில் ஒருவரும் திறக்கவில்லை. ஆசிக் பதினேழாவது படிவத்தைத் திறந்தான்.

ஷவுகத் அலி. வயது 68. ஓய்வு பெற்ற டைம்கீப்பர். பூந்தமல்லி. கீழே கையெழுத்து, ரம்பத்தைச் சுருட்டி வைத்தது போல. குறிப்பு என்ற இடத்தில் வினோத்தின் கிறுக்கல்: 'பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. யாருடைய வேலை என்று கேட்டார். அம்பத்தூர் கம்பெனி என்றேன். ரொம்ப ஆர்வமாகச் செய்தார். நூறு முடிந்தும் இன்னும் நூறு தொடட்டுமா என்று கேட்டார்.'

அத்தாவின் விரலைத் தற்செயல் என்று எழுதியது மட்டுமில்லை. தற்செயல் என்றால் எப்படி இருக்கும் என்று வடிகட்டிக்குப் பாடம் எடுக்க அந்த விரலைத்தான் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறான். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்த போனை இரண்டு கையாலும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

ஆசிக் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

மஹ்பூபா பூந்தமல்லியில் அதே வீட்டில்தான் இருந்தாள். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து, போன வருடம்தான் விட்டாள். கதவைத் திறந்தவள் முதலில் அவன் முகத்தையும் பிறகு அவன் கையையும் பார்த்தாள்.

"வாடா. இன்னா திடீர்னு? பெருநாளுக்கு இன்னும் நாளு கீதே."

"அத்தாவோட போன் எங்கக்கா?"

"எந்த போனு?"

"நான் குடுத்தது."

அவள் மறுகேள்வி கேட்கவில்லை. பீரோவைத் திறந்து, மேல்தட்டில் கண்ணாடிக்கும் தொப்பிக்கும் பக்கத்திலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்தாள். பச்சைத் துணி அப்படியே இருந்தது.

"அவரு இத தொடவே இல்லல்ல?" என்றான் ஆசிக். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டான்.

"தொடலியா? நல்லா கீதே. டெய்லி உன்னாண்ட பேசினாரே."

"யாரு சொன்னது?"

"அவருதான். நான் ஆறு மணிக்கு ஊட்டுக்கு வந்தா சொல்லுவாரு, ஆசிக்காண்ட பேசினேன், நல்லா கீறான், புள்ள நல்லா படிக்குதுன்னு. ஒருநாள் நான் கேட்டேன், குடுங்க, நானும் பேசறேன்னு. வாணாம், அவன் வேலையா கீறான்னு வாங்கி சுத்தி வெச்சுட்டாரு."

"என்னாண்ட அவரு பேசவே இல்லக்கா. ஒருநாள்கூட."

மஹ்பூபா கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்போ ஏன்டா அப்டி சொன்னாரு?"

ஆசிக் சார்ஜர் தேடினான். அவனுடைய சார்ஜர் சேரவில்லை. அட்டைப்பெட்டியிலேயே பழையது இருந்தது. செருகி இருபது நிமிடம் காத்திருந்தபோது, மஹ்பூபா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா கை மாதிரியே ஆடுதுடா உனக்கு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா, அவருக்கு ஆடுச்சுன்னு?"

"தெரியாம? ரிடையர் ஆவறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே. டைம் எழுதற பேனாவ கட்டைவிரலோட ரப்பர் பேண்டு போட்டு கட்டினு எழுதுவாரு. உன்னாண்ட சொல்லவாணாம்னாரு, நீ பயப்படுவன்னு." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒருநாள் போன கையில வெச்சுனு உக்காந்திருந்தாரு. இன்னா அத்தா, ஒர்க் ஆவலியான்னு கேட்டேன். கோவம் வந்துடுச்சு. 'எம் புள்ள செஞ்சது. போனு நல்லாதான் கீது. என் விரலுதான் சரியில்ல'ன்னாரு."

போன் விழித்துக்கொண்டது. நடுவில் பத்து வருடம் சின்னவனான ஆசிக் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சோதனைப் போன் என்பதால் அதில் ஒரு வசதி இருந்தது. வடிகட்டி எந்தத் தொடுகையைத் தள்ளினாலும், தேதி, நேரம், கண்ணாடியில் எந்த இடம் என்று ஒரு வரி எழுதி வைக்கும். எத்தனை தற்செயல்களிலிருந்து மக்களைக் காப்பாற்றினோம் என்று பிற்பாடு பெருமைப்பட்டுக்கொள்ள ஆசிக் வைத்த வசதி. இடது கையால் அழுத்தி அந்தக் கோப்பைத் திறந்தான். இடது கை இன்னும் அவ்வளவு கெடவில்லை; மெதுவாக ஊன்றி அழுத்தியதில் முதல் தடவையிலேயே திறந்தது.

அத்தாவின் எழுத்தைப் பார்த்தது போல் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் அறையில் அவர் பக்கம் பக்கமாக நிரப்பிவைத்த டைம் ஷீட் மாதிரி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள். முதல் நாள், ஐந்து மணி ஐந்து நிமிடம். ஆசிக்கின் படத்தின் நட்டநடுவில் ஒரு தொடுகை. தற்செயல். ஐந்தாறு நொடி கழித்து இன்னொன்று. தற்செயல். அன்றைக்கு மட்டும் முப்பத்திரண்டு.

இரண்டாம் நாள், ஐந்து மணி ஐந்து நிமிடம். மூன்றாம் நாள், ஐந்து ஐந்து. ஒருநாள் ஐந்து ஏழு ஆகியிருந்தது. பள்ளிவாசலில் யாராவது பேச்சுக்கொடுத்திருப்பார்கள். மற்றபடி வண்டி ஒருநாளும் தாமதமாகக் கிளம்பவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே இருபதுக்கு, வழக்கமில்லாத நேரத்தில், பதினான்கு வரிகள் இருந்தன. படத்தின் மேல் அல்ல, கீழே, அழைப்பை எடுக்கத் தள்ளுகிற இடத்தில். நாற்பது நொடிக்குள் பதினான்கு முறை. ஆசிக்குக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை தெரியும். அவன் கூப்பிட்ட இரண்டு தடவையில் முதலாவது. மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. 'பேரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்' என்று அன்றைக்கு ஃபிசாவிடம் சொன்னது. சில நாள் தள்ளி, அவன் இரண்டாவது தடவை கூப்பிட்ட நேரத்திலும் அப்படியே வரிகள் இருந்தன.

இரண்டாவது மாதத்திலிருந்து வரிகளில் ஏதோ மாறியிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு புள்ளிகள், ஒட்டிக்கொண்டாற்போல. தள்ளிய காரணத்தில் தற்செயலுக்குப் பதில் 'பிடி' என்று இருந்தது. போனைக் கையில் பிடிக்கும்போது தெரியாமல் இரண்டு விரல் பட்டுவிட்டால் அப்படி எழுதும். அதுவும் ஆசிக் வைத்ததுதான். இது என்ன என்று முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. தன் கையைப் பார்த்தான். ஒரு வாரமாக அவனும் கீபோர்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். வலது ஆள்காட்டி விரல் ஆடாமல் இருக்க, இடது ஆள்காட்டி விரலை அதன் பக்கவாட்டில் அண்டைக் கொடுப்பது. அத்தா அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்திருக்கிறார். அதற்குக் காப்புரிமை கிடையாது.

வரிகள் குறைந்துகொண்டே வந்தன. முப்பது இருபதாகி, பத்தாகி, கடைசியில் நாளுக்கு மூன்று. நாள் தவறவில்லை. எட்டு மாதத்தில் இரண்டே நாள் காலியாக இருந்தது. ஆசிக் தேதியைச் சரிபார்த்தான். இரண்டும் பெருநாள். மகன் வீட்டிலேயே இருந்ததால் அன்றைக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி வரியும் ஐந்து மணி ஐந்து நிமிடம்தான். மறுநாள் காலைதான் அவர் எழுந்திருக்கவில்லை.

மஹ்பூபா டீ போட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னாடா எழுதிக்கீது?"

"அத்தா கூப்ட்டிருக்காரு."

"எப்போ?"

"டெய்லி."

ஆசிக் தன் வலது விரலை எடுத்து, படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த தன்னையே தொட்டான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டான். இடது விரலை அண்டைக் கொடுத்துத் தொட்டான். கோப்பைத் திறந்து பார்த்தபோது, அத்தாவின் கடைசி வரிக்கு நேர் கீழே, பத்து வருடம் தள்ளி, மூன்று வரிகள் சேர்ந்திருந்தன. தற்செயல். தற்செயல். பிடி.

"நீ தொடுக்கா" என்று போனை நீட்டினான்.

மஹ்பூபா புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டாள். ஒரே தடவை. திரை உடனே மாறி, மணி அடிப்பதுபோல் ஒரு படம் வந்து, 'சிம் கார்டு இல்லை' என்றது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போட்டுக் குடுத்திருப்பேனேடா" என்றாள் மஹ்பூபா. அதை அவனிடம் சொன்னாளா, பச்சைத் துணியிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

கோபமில்லை என்று தெரிந்துவிட்டது. பத்து வருடமாகத் தெரிந்துகொள்ள நினைத்தது. இதைவிடக் கோபமாகவே இருந்திருக்கலாமே என்று ஆசிக்குக்குத் தோன்றியது. கோபம் என்றால் ஆளுக்குப் பாதி தப்பு. ஏதாவது ஒரு தமாஷ் சொல்லி இந்த இடத்தைக் கடந்துவிடலாம் என்று தேடிப்பார்த்தான். இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதல் தடவையாக ஒன்றும் அகப்படவில்லை.

"ஆறுதுடா, குடி" என்றாள் மஹ்பூபா.

டம்ளரை எடுத்தான். கை ஆடியது. ஆனால் சிந்தவில்லை. அவன் கேட்காமலேயே அவள் பாதிதான் ஊற்றியிருந்தாள்.